தலை வெட்டுப்பட்டாலும் பரவாயில்லை, படம் எடுங்கள்!

சுதந்திர தின மலர்க்காட்சி நடக்கும் ஆகஸ்டு நாட்களில் லால்பாக் கண்ணாடி மாளிகைக்கு எதிரே ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். பூவைப் பார்க்க வந்தவர்களை விடப் பூவோடு நின்று படம் எடுத்துக்கொள்ள வந்தவர்களே அதிகம் என்பது புரிந்துவிடும். ஸ்ரீராமபுரத்திலிருந்து வந்த குடும்பம் ஒன்று ரோஜாப் பாத்தி ஓரமாக வரிசை கட்டி நிற்கும். "பாட்டி, இந்தப் பக்கம் பாருங்க!" என்று பேரன் கத்துவான். பாட்டி எதிர்ப்பக்கம் பார்ப்பார். படம் எடுத்தாகிவிடும். அடுத்த குடும்பம் அந்த இடத்துக்கு வந்துவிடும்.

அந்தக் கூட்டத்திலும் ஒருவர் மட்டும் தள்ளி நிற்பார். கையில் செல்போனைக் கொடுத்தால், "எனக்குச் சரியா எடுக்க வராதுப்பா, வேற யார்கிட்டயாவது கொடுங்க" என்று நகர்ந்துவிடுவார். ஆபீசில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவராக இருப்பார். பத்து லட்ச ரூபாய்க் கணக்கில் ஒரு பைசா பிசகாதவர். ஒரு பொத்தானை அழுத்தப் பயப்படுகிறார்! படம் எடுப்பது படித்தவர் வேலை, பணக்காரர் வேலை, கலைஞர் வேலை என்ற எண்ணம் நம்மவர்களிடம் அவ்வளவு ஆழமாக ஊறிப்போயிருக்கிறது.

அந்த எண்ணத்துக்கு ஒரு காலத்தில் நியாயமும் இருந்தது. கண்ணாடித் தகடு, மருந்துப் புட்டி, முக்காலி, இருட்டுக் கூடாரம் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு அலைந்தவர்தான் அன்றைய புகைப்படக்காரர். அமெரிக்காவில் ஜார்ஜ் ஈஸ்ட்மன் என்ற முன்னாள் பாங்கு குமாஸ்தா (ஆம், குமாஸ்தாதான்!) 1888-இல் 'கோடக்' என்ற பெட்டிக் காமிராவை விற்பனைக்குக் கொண்டுவந்தார். விலை 25 டாலர். உள்ளே நூறு படத்துக்குப் பிலிம் போட்டே கொடுத்தார்கள். நூறும் முடிந்தால் காமிராவை அப்படியே கம்பெனிக்கு அனுப்பவேண்டும். அவர்கள் கழுவிப் பிரிண்ட் போட்டு, புதுப் பிலிமும் மாட்டித் திருப்பி அனுப்புவார்கள். வாங்கியவர் செய்யவேண்டியது பொத்தானை அழுத்துவது ஒன்றுதான். 1900-இல் 'பிரௌனி' என்ற பெட்டி ஒரே டாலருக்கு வந்தது. பள்ளிக்கூடத்துப் பையன்கள் கையிலும் காமிரா ஏறியது அதற்குப் பிறகுதான்.

இப்படி எடுத்த படத்துக்கு 'ஸ்னாப்ஷாட்' என்று பெயர் வைத்தார்கள். அது வேட்டைக்காரர்களின் சொல். நின்று நிதானித்துக் குறி பார்க்காமல், கண்ட மாத்திரத்தில் சட்டென்று சுடுவதைத்தான் அவர்கள் அப்படிச் சொன்னார்கள். குறி தவறினாலும் தவறட்டும் என்ற தைரியம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

பன்னிரண்டே படம்

நம் நாட்டில் மாதச் சம்பளக்காரர்களுக்கு அந்தத் தைரியத்தைக் கொடுத்தது 'அக்பா கிளிக்-3' என்ற காமிரா. பரோடாவில் தயாரானது. 1960களிலும் 70களிலும் பெங்களூர்த் தமிழர் வீடுகளில் காமிரா என்று ஒன்று இருந்தால், அது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். கல்யாணத்துக்கு வாங்கிய கைக்கடிகாரத்தைப் போலப் பீரோவில் வைத்துப் பூட்டிக் காப்பாற்றினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் திருப்பதி போகும்போது இரவல் கேட்டால், கொடுக்கவும் மனம் வராது, இல்லை என்று சொல்லவும் வாய் வராது.

அதில் கணக்குப் பார்க்க ஒன்றும் கிடையாது. தூரம் அளக்க வேண்டாம். வெயிலா, மேகமா என்று பார்த்து ஒரு சிறு நெம்பைத் தள்ளினால் போதும். 120 என்ற அகலமான பிலிம் சுருளில் சதுரமாகப் பன்னிரண்டு படம் விழும். முதுகில் ஒரு சின்னச் சிவப்பு ஜன்னல் உண்டு. அதில் அடுத்த எண் தெரியும்வரை சாவியைத் திருகவேண்டும். திருக மறந்துவிட்டால்? லால்பாக் பூவின் மேலேயே மாமியார் உட்கார்ந்திருப்பார்! இரண்டு காட்சியும் ஒரே பிலிமில் விழுந்துவிடும். அப்படி ஒரு படமாவது இல்லாத வீட்டு ஆல்பம் அபூர்வம்.

இவ்வளவு எளிய பெட்டி எப்படி ஓரளவு நல்ல படமே எடுத்தது என்று கேட்கலாம். லென்சின் துளை சிறியது. துளை சிறியதாக இருந்தால் சில கஜ தூரத்திலிருந்து அடிவானம் வரை எல்லாமே ஏறக்குறையத் தெளிவாக விழும். நல்ல வெயிலில் துளை சிறியதாக இருப்பதால் நஷ்டமும் இல்லை. கறுப்பு வெள்ளைப் பிலிமோ கொஞ்சம் வெளிச்சம் கூடினாலும் குறைந்தாலும் பொறுத்துக்கொள்ளும் குணம் உடையது. மிச்சக் குறையைக் கழுவிப் பிரிண்ட் போடும் ஸ்டூடியோக்காரர் சரிக்கட்டிவிடுவார். ஆக, படம் எடுத்தவருக்குத் தெரியாமலே பல பேர் அவருக்காக வேலை செய்தார்கள்.

ஒரே ஒரு விதியை மட்டும் எல்லோரும் வேதமாகப் பிடித்துக்கொண்டார்கள். சூரியன் எடுப்பவரின் முதுகுக்குப் பின்னால் இருக்கவேண்டும் என்பதே அது. அதனால்தான் அந்தக் காலத்துப் படங்களில் நிற்பவர்கள் அத்தனை பேரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, யார் மேலோ கோபம் போல முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். கோபம் ஒன்றுமில்லை. முகத்தில் நேர் வெயில்!

பிலிமும் நம் பக்கத்துச் சரக்காகவே கிடைத்தது. ஊட்டியில் 1960-இல் நிறுவப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற மத்திய அரசு ஆலை, 1967 முதல் உற்பத்தியில் இறங்கியது. அதன் சரக்குக்கு 'இந்து' என்று பெயர். நீலகிரிக் குளிரில் தமிழ்த் தொழிலாளிகள் இருட்டறையில் பூசிக் கொடுத்த பிலிமில், பெங்களூர்த் தமிழ்த் தொழிலாளியின் குழந்தை சிரித்தது. வண்ணப் பிலிம் பரவி, பிறகு டிஜிட்டலும் வந்தபோது அந்த ஆலை நலிந்து மூடப்பட்டது. ஊட்டியில் இந்து நகர் என்ற பெயர் மட்டும் நிலைத்திருக்கிறது.

1980களில் 'ஹாட் ஷாட்' வந்தது. பிலிம் சுருளைக் கோக்கும் தொல்லைகூட இல்லை. சோப்புப் பெட்டி மாதிரி ஒரு பெட்டி, அதற்குள் பிலிம் அடைத்த கார்ட்ரிட்ஜ். பிலிம் விரல் நகம் அளவுதான் என்பதால் படத்தைப் பெரிதாக்கினால் முகத்தில் மணல் தூவியது போல இருக்கும். யாரும் கவலைப்படவில்லை.

ஸ்டூடியோ முகமும் வீட்டு முகமும்

காமிரா வருவதற்கு முன்னும் நம்மவர்கள் படம் எடுத்துக்கொண்டார்கள். அதற்கு ஸ்டூடியோ இருந்தது. ஜி.கே. வேல் போன்ற பெரிய ஸ்டூடியோ பெங்களூரில் 1910-லேயே தொடங்கிவிட்டது. தெருவுக்குத் தெரு சிறு ஸ்டூடியோக்கள் பின்னால் வந்தன. வேலை கிடைத்ததும் ஒரு படம், கல்யாணமானதும் ஒரு படம், முதல் குழந்தைக்கு ஒரு படம். கோட்டு இரவல், டை இரவல், பின்னால் தெரியும் ஏரியும் மாடிப்படியும் திரைச்சீலை. ஊரில் இருக்கும் பெற்றோருக்கு அந்தப் படம்தான் தபாலில் போகும். "பையன் பெங்களூர்ல நல்லா இருக்கான்" என்று வேலூர்ப் பக்கத்துக் கிராமத்தில் சுவரில் மாட்டுவார்கள். அந்தப் பையன் பத்துக்குப் பத்து அறையில் நான்கு பேரோடு படுத்திருந்ததை அந்தப் படம் சொல்லாது.

கிளிக்-3 அதைச் சொல்லிவிட்டது. குழாயடியில் குடங்களின் வரிசை, சைக்கிளில் சாய்ந்து நிற்கும் நண்பன், பனியனோடு சவரம் செய்துகொள்ளும் சித்தப்பா, சிட்டி ரயில் நிலையத்தில் பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் ஜன்னலில் கன்னத்தை வைத்து அழும் தங்கை. இவற்றை எடுக்க எந்த ஸ்டூடியோக்காரரும் வரமாட்டார். காசு கொடுத்து எடுக்கவேண்டிய காட்சி என்று யாரும் நினைக்கவும் மாட்டார்கள். கையில் காமிரா இருந்தது, பிலிமில் இன்னும் இரண்டு படம் மிச்சம் இருந்தது, முடித்தால்தான் கழுவக் கொடுக்கலாம் என்று சும்மா எடுத்தவை அவை. வீட்டு ஆல்பங்களைப் புரட்டிப் பாருங்கள். உயிரோட்டமுள்ள படங்கள் பெரும்பாலும் அந்தக் கடைசி இரண்டாகத்தான் இருக்கும்.

இன்று பழைய ஸ்டூடியோப் படங்களுக்கு மதிப்பு வந்துவிட்டது. புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோக்களின் படங்களைத் தேடிப்பிடித்து டிஜிட்டல் பிரதி எடுக்கும் பணியைச் செய்திருக்கிறது. பெங்களூர் கஸ்தூர்பா சாலையில் 2023 பிப்ரவரியில் திறக்கப்பட்ட கலை மற்றும் புகைப்பட அருங்காட்சியகத்தில் ஓவியத்துக்குச் சமமாகப் புகைப்படத்துக்கும் இடம் உண்டு. நல்லதுதான். ஆனால் டிரங்குப் பெட்டியில் கிடக்கும் குழாயடிப் படத்தைத் தேடி யாரும் வரப்போவதில்லை. அதை அந்த வீட்டார்தான் காப்பாற்றவேண்டும்.

சாக்கு மூட்டிய வள்ளுவர்

தொழில்நுட்பம் தெரியாமல் எடுத்த படத்துக்கு என்ன மதிப்பு என்று கேட்பவர்கள் அல்சூர் ஏரிக்கரைக்குப் போய்வரலாம். அங்கே திருவள்ளுவர் சிலை முன்னால் எந்த ஞாயிற்றுக்கிழமையும் யாராவது படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். 1991-இல் திறக்கவேண்டிய சிலை அது. எதிர்ப்புக் கிளம்பியதால் திறக்க முடியவில்லை. 18 ஆண்டுகள் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்டு 9-ஆம் தேதி அன்றைய தமிழக முதல்வர் கருணாநிதி, கர்நாடக முதல்வர் எடியூரப்பா முன்னிலையில் திறந்துவைத்தார். நான்கே நாளில், ஆகஸ்டு 13-ஆம் தேதி, சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது.

திறந்த அன்று எடுத்த படங்களுக்குக் குறைவில்லை. பத்திரிகைக்காரர்கள் எடுத்தார்கள், டெலிவிஷன்காரர்கள் எடுத்தார்கள், வந்திருந்த தொண்டர்கள் செல்போனில் எடுத்தார்கள். அவை எங்கும் கிடைக்கும். கிடைக்காதது வேறு. அந்தப் பதினெட்டு வருஷமும் அவ்வழியே வேலைக்குப் போனவர்கள், பஸ்ஸிலிருந்து ஒரு கண் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டவர்கள் எத்தனை ஆயிரம் பேர்! மூடிக் கட்டிய அந்த உருவத்தை ஒரு சாதாரண ஆள், ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையில், சும்மா எடுத்துவைத்த படம் எத்தனை வீட்டில் இருக்கும்? "மூட்டையை எதுக்குப்பா படம் எடுக்கணும், திறக்கட்டும் பார்க்கலாம்" என்றுதான் எல்லோரும் இருந்துவிட்டோம். 1991-இல் கைக்குழந்தையாக இருந்தவனுக்கு 2009-இல் மீசை முளைத்திருந்தது. அவனுடைய இளமை முழுவதும் வள்ளுவர் அப்படித்தான் இருந்தார். அந்த உருவம் கோணலாக, மங்கலாக, ஓரத்தில் ஒரு விரல் மறைத்து விழுந்திருந்தாலும் அந்தப் படத்துக்கு இன்று விலை ஏது?

இதே கதைதான் மகாத்மா காந்தி சாலைக்கும். அந்தச் சாலையின் ஒரு பக்கம் முழுவதும் மரநிழலில் 'புலவார்டு' என்ற நடைபாதை இருந்தது. காகிதப்பூ கொடிகள் தொங்கும். சம்பள நாளில் பிளாசா தியேட்டரில் ஆங்கிலப் படம் பார்த்துவிட்டு அந்த வழியே நடந்தவர்கள் பலர். மெட்ரோ ரயிலுக்காக அந்த மரங்கள் போயின. 2011 அக்டோபர் 20-ஆம் தேதி பையப்பனஹள்ளியிலிருந்து அங்கே முதல் மெட்ரோ ஓடியது. பிளாசாவும் இன்று இல்லை. மெஜஸ்டிக்கில் கபாலி தியேட்டர் இல்லை. தமிழர் ஆயிரக்கணக்கில் உழைத்த பின்னி மில் இல்லை. ஹெச்.எம்.டி. கடிகார நிறுவனத்தை மூட 2016-இல் மத்திய அரசு முடிவெடுத்தது. இந்த இடங்களின் முகப்பைப் பெரிய போட்டோகிராபர்கள் எடுத்திருப்பார்கள். ஷிப்டு முடிந்து வெளியே வரும் நண்பர்கள், கேட் எதிரே இருந்த டீக்கடை, கடைக்காரரின் முகம்? அதை எடுத்திருக்கவேண்டியவர் அங்கே டீ குடித்தவர்தான்.

இன்னொரு பாதை

முறையாகக் கற்றுக்கொண்டு எடுப்பதைக் குறை சொல்வதாக யாரும் நினைக்கவேண்டாம். புகைப்படக் கலைக்குப் பேர்போன ஊர் பெங்களூர். இங்கே வாழ்ந்து 2017-இல் மறைந்த தமிழரான டி.என்.ஏ. பெருமாள், காட்டு விலங்குகளையும் பறவைகளையும் படம் எடுத்து உலகப் புகழ் பெற்றவர். இரவு இரவாக மறைவில் காத்துக் கிடந்து எடுத்த படங்கள் அவருடையவை. அது தவம். தவம் செய்பவர் செய்யட்டும். கோயிலுக்குப் போகிறவர் எல்லோரும் சங்கீதம் கற்றுக்கொண்டா பாடுகிறார்கள்? கூட்டத்தோடு சேர்ந்து பாடிவிட்டுப் பொங்கல் வாங்கிக்கொண்டு வருவதில்லையா?

கற்றவர்களே கூட ஒரு கட்டத்தில் சலித்துப்போய் விதியைத் தூக்கி எறிந்ததுண்டு. ஆஸ்திரியாவின் வியன்னா நகரத்து மாணவர்கள் சிலர் 1991-இல் பிராக் நகரில் 'லோமோ' என்ற மலிவான ரஷ்யக் காமிராவைக் கண்டெடுத்தார்கள். லெனின்கிராடு ஆலையில் 1984 முதல் தயாரானது. படத்தின் மூலைகள் இருண்டுபோகும், நிறம் அடித்துப்போட்டது போல வரும். அதுவே அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. அடுத்த ஆண்டே ஒரு சங்கம் வைத்துவிட்டார்கள். எங்கே போனாலும் காமிராவை எடுத்துப் போ, யோசிக்காதே, கண்ணில் வைத்துப் பார்க்காமல் இடுப்பில் வைத்தே எடு, விதியைப் பற்றிக் கவலைப்படாதே என்பதுதான் அவர்கள் சாரம். அந்தக் காமிராவை அவர்கள் உலகம் முழுக்க நல்ல விலைக்கு விற்றார்கள் என்பது வேறு விஷயம்! நம் வீட்டுச் சித்தப்பா இதையெல்லாம் காசில்லாமலே செய்துகொண்டிருந்தார்.

இன்றைக்குச் செல்போன் வந்தபின் பயப்படக் காரணமே இல்லை. ஒரு தடவை தொட்டால் அது தானே பல படங்களைச் சட்டென்று எடுத்து, இருட்டை வெளிச்சமாக்கி, ஒன்றாகச் சேர்த்துக் கொடுத்துவிடுகிறது. பிலிம் செலவு இல்லை, கழுவும் செலவு இல்லை. ஜனவரியிலிருந்து மார்ச் வரை இளஞ்சிவப்புப் பூ மரங்கள் பூத்துக் குலுங்கும்போது, வேலைக்குப் போகிற வழியில் ஸ்கூட்டரை ஓரம் கட்டிப் படம் எடுப்பவர்களைப் பார்க்கலாம். ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு மரம் பூத்திருக்கவேண்டும் என்று கணக்குப் போட்டு இந்த ஊரில் மரம் நடச் செய்தவர் லால்பாக்கைப் பார்த்துக்கொண்ட கிரும்பீகல் என்ற ஜெர்மானியர். 1908-இல் இங்கு வந்து, 1956-இல் இங்கேயே மறைந்தார். செல்போன் வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

ஆனால் செல்போனில் வேறொரு ஆபத்து. அன்று பன்னிரண்டு படம், பன்னிரண்டும் ஆல்பத்தில். இன்று பன்னிரண்டாயிரம் படம், போன் தண்ணீரில் விழுந்தால் ஒன்றும் இல்லை. பஸ்ஸில் போனைப் பறிகொடுத்தவரிடம் கேட்டுப் பாருங்கள். போன் போனதற்கு இரண்டு நாள் வருத்தம், அதிலிருந்த அம்மாவின் கடைசிப் படத்துக்கு ஆயுசு வருத்தம். வருஷத்துக்கு ஓர் இருபது படத்தையாவது பொறுக்கிக் காகிதத்தில் பிரிண்ட் போட்டுவிடுவது உத்தமம். பின்னால் பென்சிலால் யார், எங்கே, எந்த வருஷம் என்று எழுதவேண்டும். பேனா மை மறுபக்கம் ஊறிவிடும். பசை தடவிய தாளில் ஒட்டி மேலே பிளாஸ்டிக் மூடும் ஆல்பம் வேண்டாம். நாளடைவில் படம் அதிலேயே ஒட்டிக்கொண்டு, எடுத்தால் கிழியும். பழைய நெகடிவ் இருந்தால் தூக்கி எறியாமல் காகித உறையில் போட்டு ஈரம் படாத இடத்தில் வைக்கவேண்டும். பிரிண்ட் மங்கினாலும் நெகடிவ் இருந்தால் திரும்பப் போடலாம்.

இன்னொன்று. எப்போதும் படம் எடுத்துக்கொண்டே இருப்பவர் எந்தப் படத்திலும் இருக்கமாட்டார். பழைய ஆல்பங்களில் அப்பா இல்லாததற்கு இதுதான் காரணம். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு மாலை வெயிலில் எடுத்த படங்களில் மட்டும் அவர் இருக்கிறார். அம்மாவும் குழந்தைகளும் கண்ணைச் சுருக்கி நிற்க, அவர்கள் காலடிவரை நீண்டு வந்து விழுந்திருக்கிறது அவர் நிழல். கையை மார்புக்கு நேரே குவித்த நிழல். நிழல் விழுந்துவிட்டதே, படம் கெட்டுவிட்டதே என்று அன்று அவர் வருத்தப்பட்டிருப்பார். அவர் போனபின் பிள்ளைகள் தேடி எடுத்து வைத்துக்கொள்வது அந்தப் படத்தைத்தான்.

அதனால் லால்பாக் போனால் பக்கத்தில் நிற்பவரிடம் போனைக் கொடுத்து, "ஒந்து போட்டோ தெகீத்தீரா சார்?" என்று கேட்டுவிடலாம். யாரும் மறுப்பதில்லை. அவர் எடுக்கும் படத்தில் கண்ணாடி மாளிகையின் உச்சி வெட்டுப்பட்டிருக்கும், பின்னால் யாரோ ஐஸ்கிரீம் தின்றுகொண்டு போவார். போகட்டும். குடும்பம் முழுசாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் சரி.